விரிசலை மறைக்கலாமா?

நமதூர் சிம்பாங் ரெங்கத்திற்கு அருகேயுள்ள மச்சாப், ரப்பர் பால் கோப்பைகள் சுட்ட ஊர். அங்குள்ள நீண்ட சூளையைப் பார்த்த ஆசையில், நாமும் போன்சாய் மரங்களுக்குத் தொட்டி செய்யப் பழகுகிறோம். அடியில் நீர் வடியத் துவாரம் வேண்டும். நிழலில் மெதுவாக உலர்த்தவும் வேண்டும். அவசரப்பட்டோம், மூலையில் விரிசல் கண்டது. மெருகு பூசிச் சுட்டதும் மறைந்துபோயிற்று.

கடைக்கு வந்தவர் விலை கேட்டார். 'பழகுகிறவன் கைவேலைதானே!' என்றது மனம்.

மதீனாச் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுள் கைவிட்டு ஈரத்தைக் கண்டார்கள். மழை பெய்ததென்றார் வியாபாரி. நனைந்தது அவர் குற்றமன்று. நனைந்ததை மேலே வைக்காததே குற்றம். நம் விரிசலும் அப்படியே.

காட்டினோம். அவர் வாங்கவில்லை. இப்போது அத்தொட்டியில் கடைச் சில்லறை கிடக்கிறது.