இயற்கையைச் சாட்சிக்கு இழுக்கலாமா?

கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் ஆனால் போதும். "இன்னும் விசேஷம் ஒன்னும் இல்லையா?" என்ற கேள்வி நாலா பக்கமிருந்தும் வரும். பதில் சொல்லத் தயங்கினால் ஒரு தத்துவமும் கூடவே வரும்: "ஈ எறும்புகூட இனம் பெருக்குது. பிள்ளை பெத்துக்கிறதுதானே இயற்கை?" பிறகு வளைகாப்பு வீடுகளில் அந்தப் பெண்ணை வளையல் போடக் கூப்பிட மாட்டார்கள். அவளும் வராமலே இருந்துவிடுவாள்.

இயற்கை உண்மையிலேயே அப்படி ஒரு சட்டம் போட்டிருக்கிறதா? நம் நாட்டிலேயே பார்ப்போம்.

ஒரு காலத்தில் திரங்கானு, ரந்தாவ் அபாங் கடற்கரைக்கு ஏராளமாக வந்த பெலிம்பிங் ஆமை, ஒரே இரவில் எண்பது, நூறு முட்டைகள் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகளின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அவற்றில் பெரும்பாலானவை வளரும் முன்பே மற்ற உயிர்களுக்கு இரையாகிவிடும். சரவாக்கின் கென்யாலாங், அதாவது இருவாட்சிப் பறவை, இதற்கு நேர்மாறு. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் சின்ன இடுக்கு வழியாக ஆண் பறவைதான் வாரக்கணக்கில் பழம் ஊட்டும். இத்தனை பாடும் ஒன்றிரண்டு முட்டைக்காகத்தான்!

குயில் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடும். பவளப்பாறையில் வாழும் கோமாளி மீன்களில் பெண் மீன் செத்துப்போனால், அதன் துணையான ஆண் மீனே பெண்ணாக மாறும். தேன்கூட்டில் உள்ள ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்கள் எல்லாமே பெண்கள். அவை பெரும்பாலும் முட்டையிடுவதில்லை. ராணியின் பிள்ளைகளை வளர்ப்பதிலேயே அவற்றின் ஆயுள் கழிகிறது.

ஏன் இத்தனை விதம்? பொறியியல் மாணவர்களுக்கு இது பழகிய கணக்குதான். எந்த உயிரிடமும் சக்தி அளவோடுதான் இருக்கும். நிறையப் பெற்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் கவனிப்பு குறையும். குறைவாகப் பெற்றால் ஒவ்வொன்றையும் பொத்திப் பொத்தி வளர்க்கலாம். எந்த வழி எந்தச் சூழலில் தாக்குப்பிடித்ததோ, அது தலைமுறை தலைமுறையாக நின்றது. 1859-இல் டார்வின் எழுதிய இயற்கைத் தேர்வு இதுதான். இதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. ஆமை கல்நெஞ்சக்காரி அல்ல. இருவாட்சி ஏகபத்தினி விரதனும் அல்ல.

அப்படியானால், குயிலைக் காட்டி "பிள்ளையை யார் வீட்டிலாவது விட்டுடலாம்" என்று யாராவது சொல்றாங்களா? இல்லையே! நமக்கு வசதியான இடத்தில் மட்டும்தான் இயற்கையைச் சாட்சிக்கு இழுக்கிறோம். இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. "தேனீயே பெத்துக்கலை, நமக்கு எதுக்கு?" என்று வாதாடினாலும் அதே தவறுதான். உலகம் எப்படி இருக்கிறது என்று அறிவியல் சொல்லும். நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அறம்தான் சொல்ல வேண்டும்.

"திருக்குறளில் மக்கட்பேறுக்குத் தனி அதிகாரமே இருக்கே?" என்று கேட்கலாம். இருக்கிறது. பிள்ளைச் செல்வம் பெரிது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் செல்வம் வாய்க்காதவரை ஒதுக்கி வைக்கச் சொல்லும் குறள் அதில் எதுவும் கிடையாது. நம் சமயம் இல்லறத்தைப் போற்றியது, துறவறத்தையும் வணங்கியது. காரைக்கால் அம்மையார் கணவரோடு வாழ்ந்த காலத்தில் பிள்ளை பெறவில்லை. அவர் தலையால் நடந்து கயிலைக்குப் போனபோது, தாயும் தந்தையும் இல்லாத சிவபெருமான் அவரைத்தான் அம்மை என்று அழைத்தார் என்கிறது பெரியபுராணம். பெற்றால்தான் தாய் என்று இறைவனே கணக்குப் பார்க்கவில்லை. நாம் யார் பார்ப்பதற்கு?

பெரியவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. அவர்களிடம் சண்டை போட வேண்டாம். உங்கள் வீட்டில் அடுத்த வளைகாப்பு நடக்கும்போது, ஓரமாக உட்கார்ந்திருக்கும் அந்த அத்தையின் கையில் நீங்களே வளையலை எடுத்துக் கொடுங்கள். "வாங்க அத்தை, நீங்க போடுங்க" என்று சொல்லுங்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.