சரிக்கட்டலும் சரிசெய்தலும்

நம் பேச்சு வழக்கில் இரண்டு சொற்கள் உள. ஒன்று சரிசெய்தல், மற்றொன்று சரிக்கட்டல். இரண்டினாலும் வெளியே விளைவது ஒன்றே. கோணல் மறைகிறது, குறை கூறியவர் வாய் மூடுகிறார், காரியம் முடிந்ததென்று அனைவரும் எழுந்து போகின்றனர். அங்ஙனமாயின் இரண்டும் ஒன்றுதானா? ஒருவர் நாணயமுடையவரா என்பதை இவ்விரு சொற்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடே காட்டும் என்பது எமது துணிபு. நீதி நூல்களைக் கொண்டு இதனை விளக்குதல் எளிது. யாம் பழைய மோட்டார் வண்டியொன்றைக் கொண்டு விளக்கப் புகுகின்றோம். இயந்திரத்திற்குத் தாட்சிணியம் இல்லை. அதனிடம் பொய் நெடுநாள் செல்லாது.

மாரிஸ் மைனர் என்னும் ஆங்கில வண்டியை மலேசியா, சிங்கப்பூர் நாடுகளில் வாழும் நம் முதியோர் நன்கறிவர். 1948 ஆம் ஆண்டில் லண்டன் கண்காட்சியில் வெளிவந்த அவ்வண்டியின் குலத்தில், 1953 ஆம் ஆண்டில் கால் டன் பாரம் ஏற்றும் சிறிய பிக்கப் தோன்றிற்று. இன்றும் அதனைத் தேடிப் பிடித்து, வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, ஓய்வு நாட்களில் புதுப்பிப்போர் உளர். துருவேறிய தகட்டை வெட்டி நீக்கிப் புதுத் தகடு பற்றவைக்கின்றனர். ஈற்றில் சாயம் பூசுகின்றனர். சாயம் உலர்ந்த அன்று அயலார் வந்து பாராட்டுவர், படம் பிடிப்பர். மெய்யான சோதனை அன்றுதான் தொடங்குகிறது. இயந்திரம் ஓடுகிறது, ஆனால் மேட்டில் இளைக்கிறது, நிற்கும்போது நடுங்குகிறது. வீணைக்குச் சுருதி கூட்டுவதுபோல் அதற்கும் சுருதி கூட்டியாக வேண்டும். இவ்வேலையைப் பார்க்க அயலார் வருவதில்லை.

இங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன. கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கிறது. அதனைச் சிறிது திருகினால் இயந்திரம் வேகங்கொள்ளும், நடுக்கம் மறையும். அரை நிமிட வேலை. வால்வு ஒன்று கருகியிருந்தாலும், காற்று எங்கோ கசிந்தாலும், அத்தனையும் அவ்வேகத்தில் அமுங்கிப்போம். இது சரிக்கட்டல்.

மற்றது நெடுவழி. முதலில் எட்டு வால்வுகளின் இடைவெளியையும் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். இயந்திரம் குளிர்ந்திருக்கையில் அது 0.012 அங்குலம். அடுத்து, தீப்பொறிக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பாயிண்டின் இடைவெளி, ஏறக்குறைய 0.015 அங்குலம். பின் பிளக்கின் இடைவெளி, 0.025 அங்குலம். அதன்பின் பொறி எழும் காலம். இவையனைத்தும் ஒழுங்கானபிறகே கார்புரேட்டரில் கைவைக்க வேண்டும். அங்கும் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, அதன் பயனைக் கேட்டறிந்தபின் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றியவனுக்கு எது நன்மை செய்தது, எது தீமை செய்தது என்பது தெரியாது போகும்.

எஸ்.யூ. என்னும் அக்கார்புரேட்டரில் ஓர் அழகிய சோதனை உண்டு. அதனுள் ஏறியிறங்கும் பிஸ்டனை 1/32 அங்குல அளவு மெல்ல உயர்த்திப் பார்ப்பார்கள். இயந்திரம் வேகங்கொண்டு அவ்வேகத்திலேயே நின்றால் பெட்ரோல் மிகுதி. தடுமாறி நின்றுவிட்டால் பெட்ரோல் குறைவு. கணநேரம் எழுந்து மீண்டும் தன் நிலைக்கு வந்தால் கலவை சரி. ஓடுகின்ற ஒன்றைச் சற்றே அசைத்துப் பார்த்தபின்னரே அது செம்மையாக ஓடுகிறதென்று சொல்லலாம் என்பது இதன் பொருள். சரிக்கட்டியவரோ தம் வேலையை எவரும் அசைத்துப் பார்ப்பதை விரும்பார். "ஓடுகிறதே, ஏன் தொடுகிறீர்?" என்பார்.

இன்னொன்றையும் கூறவேண்டும். வால்வுகளின் மெல்லிய தட்தட்டென்னும் ஓசையைப் புதியவர் குறையென்று எண்ணுவர். அப்பழைய இயந்திரம் ஈயங்கலந்த பெட்ரோலுக்காக அமைந்தது. அவ்வகைப் பெட்ரோல் உலகச் சாலைகளிலிருந்து 2021 ஆம் ஆண்டில் முற்றும் நீங்கிற்று. ஈயமின்றி ஓடுகையில், கடினமான வளையம் பதிக்கப்படாத வால்வு இருக்கை நாளடைவில் தேய்ந்து உள்ளிறங்கும்; இடைவெளி சுருங்கும்; ஓசை குறையும். உரிமையாளர் மகிழ்வார். அவ்வால்வோ முழுதும் மூட இயலாமல் கருகிக்கொண்டிருக்கும். ஓசை அடங்கிற்று என்பதனால் நோய் தீர்ந்தது என்று கொள்ளலாகாது. முறையீடு ஒன்றும் வரவில்லை என்று பெருமை பேசும் தோட்டங்களும், மனைவி எதிர்த்துப் பேசுவதேயில்லை என்று பெருமை பேசும் இல்லங்களும் இதனை எண்ணிப்பார்க்கத் தக்கன.

இனி எம்மைப் போன்ற கிராணிகளின் மேசைக்கு வருவோம். மாதக் கடைசியில் செக்ரோலின் தொகையும் நாட்குறிப்பின் தொகையும் ஒத்துவரவேண்டும். ஒரு நாள் குறைகிறது. நெடுவழி யாதெனில், ஒவ்வொரு பெயராகத் திரும்பப் பார்த்தல். குறுவழியோ, யாரேனும் ஒருவர் பெயரில் ஒரு நாளைக் கூட்டிவிடுதல். உடனே தொகை ஒத்துவிடும், மேலாளர் கையொப்பமிடுவார். ஆனால் உழைத்த ஒருவருடைய ஒரு நாட்கூலி உழையாத வேறொருவரிடம் போய்ச் சேர்ந்தது. கணக்குச் சரி, நீதி சரியன்று. ஏட்டில் எழுதினாலும் கணிப்பொறியில் ஏற்றினாலும் இதில் வேறுபாடில்லை. சரிக்கட்டலின் விலையைச் சரிக்கட்டியவர் கொடுப்பதில்லை; ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாத ஓர் அம்மாளோ, அடுத்துவரும் கிராணியோ கொடுக்கிறார். வண்டியிலும் அதுவே. மறைத்து விற்ற குறைக்கு, வாங்கிய இளைஞன் மலைப்பாதையில் விலை கொடுக்கிறான்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். "உலகில் எல்லாவற்றையும் வேர்வரை தோண்டிச் சரிசெய்ய இயலுமா? மழையில் நடுவழியில் நின்ற வண்டிக்குக் கம்பி கட்டியாவது வீடு சேரவேண்டாமா?" என்று கேட்பர். நியாயமான கேள்வி. கம்பி கட்டுதல் குற்றமன்று. கம்பி கட்டியதை மறைத்து, வேலை முடிந்ததென்று சொல்லுதலே குற்றம். கணக்கிலும் காரணம் தெரியாத தொகையை அனாமத்து என்று தனியே எழுதிவைக்கிறோம். "இது இன்னும் விளங்கவில்லை" என்று ஒப்புக்கொள்ளும் பெயரே அது. அதில் இழிவில்லை.

இதற்கு அவ்வண்டியின் வரலாற்றிலேயே சான்று உண்டு. அதனை வகுத்த அலெக் இசிகோனிஸ், உற்பத்தி நெருங்கிய வேளையில், வண்டி மிகவும் குறுகியதென்று கண்டார். மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் செய்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். முன்பின் பம்பர்களோ அதற்குள் செய்து முடிந்துவிட்டன. அவற்றையும் நடுவில் வெட்டி, இடையே நான்கு அங்குலத் துண்டு வைத்து இணைத்தனர். தொடக்ககால வண்டிகள் அவ்வொட்டை நெற்றியில் தாங்கியே தெருவில் ஓடின. எவரும் காணக்கூடிய ஒட்டு அது. வண்டியின் அகலமோ மெய்யாகவே திருந்திற்று.

ஆகவே நண்பர்களே, ஒரு காரியம் முடிந்ததென்று சொல்லுமுன் நம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோமாக. குறையின் காரணம் நமக்குத் தெரியுமா? மற்றொருவர் அதனை அசைத்துப் பார்க்க நாம் இசைவோமா? அது மறுபடி கெட்டால் விலை கொடுப்பவர் யார்? சங்கத்தின் தீர்மானமாயினும், குடும்பத்துப் பிணக்காயினும், பிள்ளையின் பள்ளிப் படிப்பாயினும், இம்மூன்றுக்கும் அஞ்சாமல் விடையளிக்க முடிந்தால் அதுவே சரிசெய்தல். விடையளிக்க முடியாதவிடத்து, "இது ஒட்டு, வேலை இன்னும் மிச்சமிருக்கிறது" என்று வெளிப்படச் சொல்லிவிட்டு, நாளை மீண்டும் கருவிகளை எடுப்போம். வால்வின் இடைவெளியும் ஒரு முறை அளந்தால் தீர்ந்துபோவதன்று. ஓட ஓட மீண்டும் அளந்துகொண்டே இருக்கவேண்டியது.