கரையச் சம்மதித்த கண்ணாடி

உடைந்த எலும்புக்குத் துணையாக உலோகத்தை வைத்தவர்கள் நெடுங்காலம் ஒரே குணத்தைத்தான் தேடினார்கள். துருப்பிடிக்கக் கூடாது, கரையக் கூடாது, உடம்போடு எந்த வம்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் ஒட்டாமல் ஒதுங்கி நிற்பதை உடம்பும் ஒதுக்கியே வைக்கிறது. பெரும்பாலும் அதைச் சுற்றி மெல்லிய நார்த்திசுவைப் படரவிட்டு வேலி போட்டுவிடும். வேலிக்குள் இருக்கும் உலோகம் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் இம்மியளவு நகரும். வலி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

லாரி ஹென்ச் அமெரிக்கக் கண்ணாடி ஆய்வாளர். 1967-ல் ஒரு மாநாட்டுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். கதிர்வீச்சைத் தாங்கும் பொருள்கள் பற்றிய தன் ஆய்வை, வியட்நாமிலிருந்து திரும்பியிருந்த ராணுவக் கர்னல் ஒருவரிடம் விவரித்தார். மனித உடம்பைத் தாங்கும் பொருளைச் செய்ய முடியுமா என்று கர்னல் கேட்டார். கைகால் இழந்த வீரர்களைப் பார்த்து வந்தவரின் கேள்வி அது. (ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் குழுக்களுக்கு இவ்வளவு நல்ல கேள்வி எளிதில் தோன்றாது.)

ஹென்ச் செய்த கண்ணாடியில் சிலிக்கா 45%தான். ஜன்னல் கண்ணாடியில் அது 70%-க்கும் மேல். மீதியில் சோடாவும் சுண்ணாம்பும் தலா 24.5%, பாஸ்பரஸ் ஆக்ஸைடு 6%. வேண்டுமென்றே பலவீனமாக்கிய கண்ணாடி! 1969-ல் அதை எலிகளின் தொடையெலும்பில் பதித்தார்கள். ஆறு வாரம் கழித்து டாக்டர் டெட் கிரீன்லீ அதை எடுக்கப் பார்த்தார். தள்ளினார், தட்டினார், அசையவில்லை.

உடம்பின் நீர் பட்டதும் சோடியம் வெளியேறுகிறது. கண்ணாடியின் மேற்பரப்பு சிலிக்காக் கூழாகிறது. அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து எலும்பின் தாதுவைப் போலவே படிகமாகின்றன. எலும்பின் கொலாஜன் இழைகள் அதற்குள் பின்னிக்கொள்கின்றன. கண்ணாடிக்குக் குறை என்று நாம் சொல்லும் கரைதல்தான் இங்கே பிணைப்பாகிறது.

ஆனால் இடுப்பின் பாரத்தைக் கண்ணாடி தாங்காது, நொறுங்கிவிடும். பாரத்துக்கு உலோகம், உறவுக்குப் பீங்கான் என்று வேலையைப் பிரித்தார்கள். எலும்புத் தாதுவின் உறவான ஹைட்ராக்ஸிஅபடைட் தூளைப் பிளாஸ்மாச் சுடரில் உருக்கி, டைட்டானியத் தண்டின்மேல் பீய்ச்சிப் படியவைத்தார்கள். அப்படிப் பூசிய இடுப்புத் தண்டை 1985-ல் லண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் நோயாளிகளுக்குப் பொருத்தத் தொடங்கினார்.

சிக்கல் அளவில்தான். பூச்சு வேகமாகக் கரைந்தால் எலும்பு வந்து சேருமுன் தீர்ந்துபோகும். கரையவே மறுத்தால் பிணைப்பு தாமதமாகும். வலிமையை மட்டும் பார்த்து உடம்பு யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை. தன்னில் கொஞ்சம் இழக்கச் சம்மதிப்பதையே தன்னுடையதாக்கிக்கொள்கிறது. ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்த சில தண்டுகளில் பூச்சு பல இடங்களில் காணாமலே போயிருந்தது. அங்கே எலும்பு நேராக உலோகத்தின்மேல் வளர்ந்திருந்தது.