அந்த வெட்கம் யாருடையது?

'நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?'

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. மகன் பரீட்சையில் தோற்றாலும், மாப்பிள்ளைக்கு வேலை போனாலும், வாங்கிய கடன் கழுத்தை நெரித்தாலும் முதலில் எழுவது இந்தப் பயம்தான். அந்த நாலு பேர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால், அவர்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட குடும்பங்கள்தான் எத்தனை எத்தனை!

அப்படியென்றால் வெட்கப்படுவதே தவறா? இல்லை. திருவள்ளுவர் 'நாணுடைமை' என்று ஓர் அதிகாரமே பாடியிருக்கிறார் (102-வது). தகாத செயலுக்குக் கூசுவதே உண்மையான நாணம், பெண்களுக்கு இயல்பாக வரும் கூச்சம் வேறு என்று முதல் குறளிலேயே பிரித்துக் காட்டிவிடுகிறார். அதாவது, தப்பு யாருடையதோ, வெட்கமும் அவருடையதே.

நடைமுறையில் இது தலைகீழாக அல்லவா இருக்கிறது! குடித்துவிட்டுக் கை நீட்டுகிறவர் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கிறார். அடிபட்டவளோ காயம் தெரியாமல் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, 'பாத்ரூம்ல வழுக்கிட்டேன்' என்கிறாள்.

திருநீலகண்ட நாயனார் கதை இந்த இடத்தில்தான் நினைவுக்கு வருகிறது. தில்லையில் மண்பாண்டம் செய்து வாழ்ந்த சிவனடியார் அவர். ஒருமுறை வேறொரு பெண்ணிடம் போய் வந்தார். மனம் நொந்த மனைவி, திருநீலகண்டத்தின் மீது ஆணையிட்டு, 'தொடக் கூடாது' என்று சொல்லிவிட்டார். அதன்பின் ஒரே வீட்டில் இருந்தும் தீண்டாமலே வாழ்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. இளமை போய் முதுமையே வந்துவிட்டது.

அப்போதுதான் ஈசன் சிவயோகியாக வருகிறார். ஓர் ஓட்டைக் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டு, பிறகு அவரே அதை மறையச் செய்து, 'நீதான் திருடினாய்' என்கிறார். வழக்கு தில்லைவாழ் அந்தணர் சபைக்குப் போகிறது. 'மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்' என்று பிடிவாதம் பிடிக்கிறார் யோகி. மூங்கில் கழியின் இரு முனைகளையும் இருவரும் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்க்கிறார்கள். யோகி ஒப்பவில்லை. வேறு வழியில்லாமல், இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்ததை எல்லோரும் கேட்கச் சொல்லிவிடுகிறார் நாயனார். பிறகு மூழ்கி எழுந்தபோது, இருவரும் இளமையோடு எழுந்தார்கள்!

இதை விரதத்தின் பெருமையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். எனக்கென்னவோ, ஈசன் வந்தது அந்தப் பூட்டைத் திறக்கத்தான் என்று தோன்றுகிறது. இளமையைத் தருவதற்குச் சபை எதற்கு? வீட்டுக்குள்ளேயே தந்திருக்கலாமே! கணவர் வாயாலேயே உண்மை வெளிவந்தது என்பதுதான் முக்கியம். தப்பு செய்தவர் தன் வெட்கத்தைத் தானே எடுத்துக்கொண்டார். அத்தனை வருடம் அதைச் சேர்ந்து சுமந்த அந்த அம்மையாரின் பாரமும் அன்றுதான் இறங்கியிருக்கும். (அவர் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.)

இன்னொன்று... சபையில் யாரும் அவரைப் பார்த்துச் சிரித்ததாகப் பெரியபுராணத்தில் இல்லை. நாம் அப்படியா? தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளுக்கு மாநில அளவில் 'ரேங்க்' அறிவிப்பதை 2017-லேயே நிறுத்திவிட்டார்கள். கல்யாண வீட்டில் நாம்தான் நிறுத்தவில்லை. பத்துப் பேர் எதிரில், 'எவ்வளவு மார்க்? அவ்வளவுதானா?' என்று கேட்டுவிடுகிறோம். குழந்தை அங்கே தப்பு எதுவும் செய்யவில்லை. ஆனால், கூனிக் குறுகிப் போகிறது. அப்படிக் குறுகிய பிள்ளை அடுத்த முறை மதிப்பெண்ணை மறைக்கும், பிறகு மனக்கஷ்டத்தையும் மறைக்கும்.

வீட்டில் அடிபடுகிறவளை, 'வெளியே சொல்லாதே, குடும்ப மானம் போயிடும்' என்று அடக்குவது பெரும்பாலும் அவளுடைய அம்மாவோ, மாமியாரோதான். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-லேயே சட்டம் வந்துவிட்டது. 181 என்ற எண்ணில் உதவியும் கிடைக்கிறது. ஆனால், அந்த எண்ணை அழுத்தும் முன் அவள் முதலில் சொல்லிப் பார்ப்பது நம்மிடம்தான்.

நாயனார் மூழ்கி எழுந்த குளம் சிதம்பரத்தில் இன்றும் இருக்கிறது, இளமையாக்கினார் கோயிலில். திருப்புலீச்சரம் என்பது அதன் பழைய பெயர். தை மாத விசாகத்தில் நாயனாரும் அம்மையாரும் குளத்தில் மூழ்கி எழும் வைபவம் நடக்கும். நடராஜரைத் தரிசித்துவிட்டு, அப்படியே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.