வாங்கின் உயரம்

ஓரிடத்துக்கு வரவேண்டாமென்று ஒருவரை எவரும் தடுக்கவில்லை. கதவு திறந்தேயிருக்கிறது. ஆயினும் அவரால் உள்ளே வர முடியவில்லை. வந்தாலும் அங்குள்ள வேலையைச் செய்ய முடியவில்லை. இதை அநீதி என்று சொல்லலாமா? தடுத்தவர் இல்லாத இடத்தில் குற்றவாளி யார்?

பல்கலைக்கழகங்களில் இப்போது ‘மேக்கர்ஸ்பேஸ்’ என்றொரு கூடம் பரவி வருகிறது. எந்தத் துறை மாணவரும் போய், கருவிகளைத் தாமே கையாண்டு, மனதில் உள்ளதைப் பொருளாகச் செய்து பார்க்கும் பொது வேலைத்தளம் என்று அதனை விளங்கிக்கொள்ளலாம். வாளும் உளியும் இருக்கும். முப்பரிமாண அச்சுப்பொறியும் இருக்கும். எல்லோருக்கும் திறந்தது என்பதே அதன் பெருமை. அந்தப் பெருமையைத்தான் நான் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்கிறேன். நின்று வேலை செய்வோருக்கென அமைத்த மேசை 90 சதமமீற்றரும் அதற்கு மேலும் உயரமாயிருக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது 70 முதல் 85 வரையில் இருக்கவேண்டும். முழங்கால் நுழைய அடியில் வெளியும் வேண்டும். எச்சரிக்கை மணி ஒலி மட்டும் எழுப்பினால் செவிப்புலனற்றவருக்கு அது மணியே அல்ல. வழவழத்த தொடுதிரையில் பார்வையற்றவரின் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது.

கரவெட்டியிலிருந்து இதை யோசிக்கும்போது வேறொரு வாங்கு என் எண்ணத்தில் குறுக்கிடுகிறது. சாதியின் பெயரால் பாடசாலை மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சூரன் அவர்கள் 1914இல் இப்பகுதியில் தேவரையாளி சைவ வித்தியாசாலையைத் தொடங்கினார். பின்னாளில் எழுத்தாளர் தெணியான் ஆசிரியராகப் பணியாற்றிய தேவரையாளி இந்துக் கல்லூரி அதுதான். வேறு பாடசாலைகளில் அப்பிள்ளைகள் சேர்க்கப்பட்டாலும், மற்றவர் வாங்கில் இருக்க அவர்கள் நிலத்தில் இருக்கவேண்டும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘சம ஆசனம்’ வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது குடாநாட்டில் பாடசாலைகள் தீயிடப்பட்டதும் உண்டு. ஒரு மரப்பலகைக்காகவா இவ்வளவும் என்று இன்று கேட்கத் தோன்றும். பலகைக்காகத்தான். எந்த உயரத்தில் இருக்கிறாய் என்பதே நீ யார் என்பதைத் தீர்மானித்தது.

அங்கே தடுத்தவன் கண்ணுக்குத் தெரிந்தான். இங்கே மேசை மட்டுமே நிற்கிறது. இரண்டையும் ஒன்றாக்குவது நியாயமா என்று கேட்கலாம். மனதில் வெறுப்புள்ளவனும் வெறுமனே நினைத்துப் பாராதவனும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், நினைத்துப் பாராமை எவ்வளவு காலத்துக்குச் சாட்டாக முடியும்? இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் 1996இல் வந்தது. 2006இல் அணுகல் வசதிக்கான ஒழுங்குவிதிகள் வந்தன. 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மீது மரம் விழுந்து இயக்கமிழந்த அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் வரை போனார். 2011 ஏப்ரலில் நீதிமன்றம் அவ்விதிகளை வலியுறுத்திக் கட்டளையிட்டது. இத்தனைக்கும் பிறகு கட்டப்படும் வேலைத்தளத்தில் மேசை எட்டாதென்றால், அது மறதி அல்ல, தெரிவு. ஓரடி உயரப் படிக்குப் பன்னிரண்டடி சாய்தளம் வேண்டுமென்ற கணக்கு எந்த மேசனுக்கும் தெரியும்.

வேறொரு யோசனையும் சொல்லப்படுகிறது: அவர்களுக்கெனத் தனியறை ஒன்று அமைத்துவிட்டால் என்ன? நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைதான். சூரன் தனிப் பாடசாலை அமைத்தது மற்றக் கதவுகள் மூடியிருந்ததால். கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டே தனியறை கட்டுவது வேறு காரியம். சம ஆசனம் கேட்டவர்கள் தங்களுக்கென்று இன்னொரு வாங்கைக் கேட்கவில்லை. அதே வாங்கைத்தான் கேட்டார்கள்.

ஆபத்து என்ற வாதம் இதைவிட வலுவானது. சுழலும் லேத்தின் அருகே பார்வையற்ற மாணவரை எப்படி விடுவது? பிரான்சில் சேணம் தைப்பவரின் மகனொருவன் மூன்று வயதில் தகப்பனின் பட்டறையில் குத்தூசியோடு விளையாடிக் கண்ணை இழந்தான். தொற்று மற்றக் கண்ணையும் கொண்டுபோயிற்று. அவன் பெயர் லூயி பிரெயில். 1824இல், பதினைந்து வயதில், அதே குத்தூசியைப் போன்ற கூர்முனையால் தாளில் புள்ளிகளைக் குத்தி எழுத்து முறையொன்றை அமைத்தான். கருவியே அவனிடமிருந்து ஒளித்துவைக்கப்பட்டிருந்தால்? பாதுகாப்பு வேண்டாமென்பது என் கட்சியல்ல. காப்பு வளையம், தொட்டறியும் அடையாளங்கள், அருகில் ஒரு துணை என்று வழிகள் உள்ளன. கண்ணுள்ளவர்க்கும் விரல் போவதுண்டு. அதற்காக அவர்களை வெளியே நிறுத்துவதில்லை.

பேச்சு வழக்கமாக இங்கேயே ‘உதவி’ என்ற சொல்லில் நின்றுவிடுகிறது. எனக்கு அது போதவில்லை. ஜெய்ப்பூர்க் காலை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களின் பிற்பகுதியில் அதனை உருவாக்கியவர்கள் டொக்டர் பி. கே. சேத்தியும், பள்ளிப்படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும். மேலைநாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துக்கும் கதிரைக்கும் செய்யப்பட்டது. குந்தியிருக்கவும், சம்மணமிடவும், வெறுங்காலோடு சேற்று வயலில் இறங்கவும், தொழுகையில் அமரவும் அது உதவாது. இந்தக் குறை, தரையில் வாழும் மனிதரை அருகிருந்து கண்டவர்களுக்கே தெரிந்தது. (1981இல் மக்சேசே விருது டொக்டருக்கு மட்டும் போயிற்று என்பது வேறு கதை.) 1987இல் யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கியது, அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அதற்கு வேலை குறையவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கியது. சுற்றிலும் போர் கடந்துபோன நிலம். கையை, காலை, பார்வையை அங்கே விட்டவர்கள் பலர். அவர்களுக்கான கருவிகளை மாணவர்கள் செய்யவேண்டுமென்று மேடைகளில் சொல்லப்படுவதைக் கேட்கிறேன். அவர்களுள் ஒருவர், அவர்களின் பிள்ளைகளுள் ஒருவர், அந்த மேசையருகே வந்து தம் அளவைத் தாமே குறித்துத் தம் கையால் அறுத்துச் செய்ய இடமிருக்குமா என்பதை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. அப்படி வருபவர் முதலில் மாற்றச் சொல்வது அந்த மேசையையாகவே இருக்கக்கூடும்.