ஏழு தலைமுறைக்குச் சாட்சி யார்?





சாவத்தி நகரத்து ஜேதவனத்தில் பகவர் எழுந்தருளியிருந்த காலத்தில், அஸ்ஸலாயனன் என்னும் இளம் பிராமணன் குலப்பெருமை பேசி வாதாட வந்தான். பகவர் அவனைக் கடிந்து பேசவில்லை. ஒரு பழங்கதையைச் சொன்னார். காட்டில் இலைக்குடில்களில் வாழ்ந்த ஏழு பிராமண இருடிகள் தாமே உயர்ந்த குலத்தோர் எனச் செருக்குற்றிருந்தனர். அவர்களிடம் அசித தேவலர் என்னும் முனிவர் சென்று, உங்களைப் பெற்ற தாயும், அவள் தாயும், அவ்வாறே ஏழு தலைமுறைத் தாய்மாரும் பிராமணரையன்றிப் பிறரைச் சேர்ந்திலர் என்பதை நீவிர் அறிவீரோ என வினவினார். அறியோம் என்றனர் இருடிகள். தந்தையர் வழியை வினவியபோதும் அதுவே விடையாயிற்று. அங்ஙனமாயின் நீவிர் யாவர் என்று நும்மால் சொல்லக்கூடுமோ என்றார் முனிவர். இருடிகள் வாயடைத்து நின்றனர். கதையைக் கேட்ட அஸ்ஸலாயனனும் பகவரைச் சரணடைந்தான்.

நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையிலும் இக்கேள்வியே எழுகின்றது. வேள்விப் பசுவை விடுவித்த ஆபுத்திரனை எதிர்த்தவர்கள் அவனது பிறப்பைச் சொல்லி இழித்தனர். ஊரும் அவனைத் துரத்திற்று. பிறப்புக்குச் சான்று காட்டவியலாத அவன் கையில்தான் அமுதசுரபி வந்து சேர்ந்தது. அதைக் கொண்டு அவன் பசித்தோரை ஊட்டினானேயன்றி, உண்ண வந்தவரின் பிறப்பை ஒருநாளும் வினவவில்லை. இறுதியில் கப்பல் அவனை விட்டுப் போய்விட, மணிபல்லவம் என்னும் தீவில் தனியனாய் உயிர் நீத்தான். தீவில் தனித்து விடப்பட்டவனின் துயரத்தைத் தமிழ்ப் பௌத்தர்கள் அறியாதவரல்லர்.

இவை பழங்கதைகள்தாமே என்று இகழ வேண்டா. இருடிகள் விடை கூற இயலாத கேள்வியை ஓர் அரசாங்கம் ஏழைத் தொழிலாளரிடம் கேட்டதுண்டு. இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் எண் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, அத்தீவிற் பிறந்தவரும் தம் தந்தை அங்கே பிறந்தவர் என்று காட்டல் வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர் என்று காட்டல் வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த பூட்டனுக்குப் பிறப்புப் பதிவு ஏது? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் சென்றிருந்தனர். 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பெற்றுப் பிரஜைகளல்லாதார் பெயர்கள் வாக்காளர் இடாப்பினின்றும் நீக்கப்பட்டன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. வாக்கை இழந்தவர்க்காகப் பேசும் வாயும் அடைபட்டது.

இங்கே நாம் ஓர் உண்மையை மறைக்கலாகாது. அச்சட்டம் இயற்றப்பெற்றது பகவரின் தம்மத்தைப் பெரும்பாலோர் போற்றும் நாட்டில். தம்மத்தைத் தழுவிய தமிழராகிய நம்மை நோக்கி, உங்கள் பௌத்தம் எம் மக்களுக்குச் செய்தது இதுதானோ என்று பிறர் கேட்பதுண்டு. ஆட்சியாளர் செய்த அநீதியைத் தம்மத்தின் தலைமேல் ஏற்றுதல் தகாது என்பது நம் விடை. எனினும் விகாரையிற் பூவிட்டு வணங்குவோரும் அசித தேவலரின் கேள்வியை மறந்தால் அநீதி செய்வர் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்நினைவு நமக்கே முதற்கண் எச்சரிக்கையாகும்.

பின்னர் நிகழ்ந்ததைக் கேளுங்கள். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரி, சிறிமாவோ உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 9,75,000 மக்கள் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் 1974இல் இருபாதியாகப் பகுக்கப்பட்டது. தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரம் வந்திறங்கியோருட் சில குடும்பங்கள் 1970களில் நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்குக் குடியேற்றப்பட்டன. ஒரு தீவிற் பிரஜை அல்லர் எனப்பட்டோர் மற்றொரு தீவிற் பிரஜைகளாய் வாழத் தலைப்பட்டனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது மிகக் கொடிய சேதமுற்ற தீவுகளுள் கச்சாலும் ஒன்று. உயிர்களே போன இடத்தில் தகரப்பெட்டியில் வைத்த காகிதம் எங்ஙனம் பிழைக்கும்?

அந்தமான் நிக்கோபார்த் தீவினர்க்கு வாக்குரிமையின் அருமை நன்கு தெரியும். 1952 முதல் மூன்று மக்களவைகளுக்கு இத்தீவுகளின் உறுப்பினரைக் குடியரசுத் தலைவரே நியமித்தார். 1967இல்தான் தீவினர் தம் உறுப்பினரைத் தாமே தேர்ந்தெடுத்தனர். இங்கே சட்டசபை இல்லை. மக்களவைக்கு ஓர் இடமே உண்டு. ஆதலின் ஒருவர் வாக்கை இழப்பின் அவர் இழப்பது சிறிதன்று.

2025 அக்டோபர் 27ஆம் நாள் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை இத்தீவுகளுக்கும் தமிழ்நாட்டுக்கும் பிற பகுதிகளுக்குமாக அறிவித்தது. டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் இத்தீவுகளின் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், குடிபெயர்ந்தோர், இருமுறை பதிவானோர் அவற்றுள் உளராதலின், நீங்கிய பெயர் யாவும் அநீதி என்று நாம் சொல்லோம். ஆயினும் முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்ட இயலாதவர் ஆவணம் கொணர வேண்டும் என்பது விதி. 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தார் தம் ஆவணமும், அதற்குப் பின் பிறந்தார் பெற்றோருள் ஒருவரது ஆவணமும், 2004 டிசம்பர் 2க்குப் பின் பிறந்தார் இருவரது ஆவணமும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஆதாரை ஏற்குமாறு 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது; எனினும் அது ஆளுக்கு அடையாளமேயன்றிக் குடியுரிமைக்குச் சான்றன்று என்றும் உரைத்தது.

குடிமகனுக்கே வாக்கு என்னும் அரசியல் சட்டத்தின் 326ஆம் விதியோடு நமக்குப் பகையில்லை. சான்று கேட்பதும் குற்றமன்று. ஆனால் சான்றின்மை வேறு, உரிமையின்மை வேறு. காகிதம் இல்லாதவனை உரிமை இல்லாதவன் என்று கொள்வதே பிழை. நிலமும் கல்வியும் பெற்றவன் வீட்டில் காகிதம் தானே குவியும். கூலியின் வீட்டில் அது குவிவதில்லை. எனவே ஒரே விதி இருவர்மேலும் ஒரே பாரமாய் விழுவதில்லை.

பகவர் தம் சங்கத்தை எவ்வாறு நடத்தினார்? விநயத்திற் சலாகை என்னும் குச்சிகளைக் கொண்டு வாக்கெடுக்கும் முறை உண்டு. உபோசத நாளில் ஒரு பிக்கு நோயுற்று வரவியலாதாயின், அவர் தமது சுத்தியையும் சம்மதத்தையும் மற்றொருவர் வாயிலாக அனுப்பலாம். அதுவும் இயலாதாயின் அவரைச் சுமந்து வரல் வேண்டும். சுமந்தால் நோய் மிகும் என்றாலோ சங்கமே அவர் கிடக்குமிடத்திற்குச் செல்லல் வேண்டும். அவர் ஒருவரை விட்டுச் சபை கூடலாகாது என்பது பகவரின் ஆணை. வரவியலாதவனைத் தேடிச் செல்லும் கடமையைப் பகவர் சபையின் மேல் வைத்தார். பௌத்த சங்கங்கள் பாராளுமன்ற முறைகளை அறிந்திருந்தன என்று 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் அம்பேத்கர் நினைவூட்டியதும் வீண் பெருமைக்காக அன்று.

ஆதலின் நம் கடமைகளைச் சொல்லி முடிக்கின்றோம்.

முதலாவது, திரிசரணம் ஏற்றபோது புதுப்பெயர் பூண்டோர் நம்மிற் பலர். சங்கப் பதிவில் ஒரு பெயர், பள்ளிச் சான்றில் ஒரு பெயர், வாக்காளர் பட்டியலில் மற்றொரு பெயர் என்றிருப்பின் இன்றே அதைச் செம்மைப்படுத்துங்கள். தம்மத்தில் பெற்ற பெயர் உரிமையைப் பறிக்கும் கருவியாகலாகாது.

இரண்டாவது, பிறப்புச் சான்று, அரசு அளித்த நில ஒதுக்கீட்டுச் சான்று, தாயகம் திரும்பியோரின் பழைய பாஸ்போர்ட்டு ஆகியவற்றின் படிகளை உறவினர் இல்லத்திலும் வையுங்கள். பட்டியலில் பெயரில்லாதார் ஆறாம் எண் படிவம் தருக. மறுக்கப்பெற்றால் மாவட்ட ஆட்சியரிடமும் அதன்மேல் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் முறையீடு செய்யச் சட்டம் இடந்தருகின்றது. எழுதப் படிக்க அறியாதாரைச் சங்கத்தார் உடனழைத்துச் செல்க.

மூன்றாவது, பொய்ச்சான்று தேடற்க. உரிமைக்காகச் சொல்லினும் பொய் பொய்யே. நான்காம் சீலம் அதை விலக்குகின்றது. பகையால் அயலான் பெயர்மேல் வீண் ஆட்சேபம் கொடுப்பதும் அச்சீலத்தைக் கெடுப்பதே.

நான்காவது, கிழக்கு வங்காளத்து அகதிகளும் ராஞ்சித் தொழிலாளரும் தெலுங்கரும் நம்மோடு வாழும் தீவுகள் இவை. தமிழருக்காக மட்டும் நாம் பேசுவோமாயின், குலப்பெருமை பேசிய இருடிகளின் குடிலுக்கே திரும்பினோராவோம்.

ஏழு தலைமுறைக்குச் சாட்சி சொல்ல எவராலும் இயலாது. ஆனால் நம் கண்முன் வாழ்ந்து உழைத்த அயலானுக்கு நாம் மெய்ச்சாட்சி சொல்லக்கூடும். அவன் நாற்பதாண்டு ரப்பர்ப்பால் இறக்கியதைக் கண்டோம், அவன் மக்கள் பள்ளி சென்றதைக் கண்டோம் என்று எழுந்து நின்று சொல்லும் துணிவை நாம் பெறுவோமாக.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! சாது! சாது! சாது!