எகிப்தின் வெங்காயமும் ஒரு பிடி சோறும்



நான் செய்த ஒரு பிழையைச் சொல்லி இவ்வாரப் பிரசங்கத்தைத் துவக்குகிறேன். சென்ற கிறிஸ்மஸுக்கு மறுநாள் நமது பங்கில் ஒரு வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். ஜெபம் முடிந்து எல்லோருக்கும் இலை போட்டார்கள். வீட்டுக்கார அம்மாள் மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் குழைத்த பருப்பை வைத்துக்கொண்டு, கொஞ்சங் கொஞ்சமாய் உண்டுகொண்டிருந்தார்கள். "பண்டிகை நாளில் பத்தியமா? சுவாமியார் சொல்கிறேன், ஓர் அதிரசமாவது சாப்பிடுங்கள்" என்றேன். சுவாமியார் சொல்லைத் தட்டலாகாதென்று சாப்பிட்டார்கள். அரைமணி செல்லுமுன் உடம்பெல்லாம் வியர்த்து, நெஞ்சு படபடத்து, உள்ளே போய்ப் படுக்கும்படி ஆயிற்று.

உடற்பருமனைக் குறைக்கும் ஆபரேஷன் சில மாதங்களுக்கு முன் அவர்களுக்கு ஆகியிருந்ததைப் பிறகே அறிந்தேன். 100 கிலோவுக்கு மேற்பட்ட எடையோடு சர்க்கரை வியாதியும் மூட்டுவலியும் சேர்ந்து வருத்தியபடியால் வைத்தியர்கள் காட்டிய வழி அது. அவர்கள் உத்தரவோடுதான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சிகிச்சை நேற்று வந்ததன்று. 1966-ல் அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையில் எட்வர்ட் மேசன் என்னும் வைத்தியர் துவக்கிய முறை, பின்னர் பலவாறு திருந்தி வந்திருக்கிறது. இரைப்பையின் மேற்புறத்தில் ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். இரண்டு மேசைக்கரண்டி நீர்தான் அதன் கொள்ளளவு! வேறொரு முறையில் இரைப்பையில் 100-க்குச் சுமார் 80 பங்கை எடுத்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் நீர்த்த ஆகாரம், பிறகு குழைத்தது, அதன்பின் மிருதுவானது. முட்டை, மீன், பருப்பு முதலிய புரதச் சத்துக்கு முதலிடம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரைமணி பொறுக்க வேண்டும். சத்து மாத்திரைகளோ ஆயுள் முழுவதும். இனிப்பு அந்தச் சிறு பையைத் தாண்டி விரைவாய்க் குடலில் இறங்கினால், அன்று நான் கண்ட வேதனை வரும்.

சில நாள் கழித்து அந்த அம்மாள் அறைவீட்டுக்கு வந்து கேட்டார்கள்: "சாமி, இரண்டு வாயில் வயிறு நிறைந்துவிடுகிறது, மனசு நிறையவில்லை. பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தால், செத்தவர்களை நினைத்து அழுகிறாற்போல் அழுகை வருகிறது. சோற்றுக்கு அழுவது பாவமா?"

பிரியமானவர்களே, பாவமன்று என்றேன். போசனப்பிரியம் ஒரு தலையான பாவந்தான். ஆனால் அது ஒழுங்கற்ற ஆசையில் இருக்கிறதேயன்றி உடலின் பருமனில் இல்லை. இதை நமக்குத் தெளிவாய்ப் போதித்த அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் தாமே பருத்த சரீரம் உடையவர் என்பது சரித்திரம். பருமனுக்குப் பரம்பரை, சுரப்பிகள், மருந்துகள், மனத்துயர் எனப் பல காரணங்கள் உண்டு. ஆதலால் பருத்தவரைக் கண்டு பெருந்தீனிக்காரர் என்பவன், தன் கண்ணில் படாததைத் தீர்ப்பிடுகிறான்.

அழுகையைப் பற்றி எண்ணாகமம் 11-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். இஸ்ராயேல் மக்கள் அடிமைத்தனத்தினின்று மீட்கப்பட்டார்கள். அனுதினமும் மன்னா கிடைத்தது. ஆயினும் எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்துக் கூடாரவாசலில் உட்கார்ந்து அழுதார்கள். அவர்கள் முறுமுறுத்து இச்சைக்கு இடங்கொடுத்ததால் வந்த தண்டனையும் அங்கே எழுதியிருக்கிறது. ஆனால் நாம் இன்று கவனிக்க வேண்டியது நடுவில் வரும் வேறொரு காரியம். அந்த அழுகையைக் கேட்டு மோயீசன் மனமொடிந்து, இப்பாரத்தைத் தனியே சுமப்பதைவிடச் சாவதே மேல் என்று முறையிட்டார். சர்வேசுரன் அவரை நோக்கித் தைரியமாயிரு என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடவில்லை. 70 மூப்பர்களைக் கூட்டி, பாரத்தை அவர்களோடு பங்கிட்டுக் கொடுத்தார்!

ஆபரேஷன் செய்துகொண்டவர்களே, நீங்களும் தனியே சுமக்க வேண்டாம். துக்கத்தில் ஆறுதலாகவும், களைப்பில் துணையாகவும் இருந்த சாப்பாடு போய்விட்டது. அந்த இழப்பு மெய்யானது. அதை வைத்தியரிடமும், உணவு ஆலோசகரிடமும், வீட்டாரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். துயரம் வாரக்கணக்கில் நீங்காவிடில் மனநல வைத்தியரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவன்று. சாப்பாடு விட்ட இடத்தில் மதுபானத்தை வைக்காதீர்கள்; இந்தச் சிகிச்சைக்குப்பின் அது சீக்கிரம் இரத்தத்தில் ஏறும், சீக்கிரம் அடிமையும் ஆக்கும்.

இனி வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அந்த அம்மாளின் வயது சென்ற தாயார் என்னிடம், "பெற்றவள் கையால் ஒரு வாய் வாங்கமாட்டேன் என்கிறாளே சாமி" என்று கண் கலங்கினார்கள். நாமோ அன்பைச் சோற்றில் பிசைந்து கொடுத்துப் பழகியவர்கள். ஊட்டும் கைக்கும் நோவுண்டு, மறுக்கும் வாய்க்கும் நோவுண்டு. "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்தாதீர்கள். "இன்னும் எத்தனை கிலோ?" என்று விசாரிக்காதீர்கள். எதிரிலிருந்து எழுந்துபோய் ஒளித்தும் தின்னாதீர்கள். பக்கத்தில் உட்கார்த்தி, அவர்கள் அளவை அவர்கள் உண்டு முடிக்குமட்டும் அவசரப்படாமல் பேசிக்கொண்டிருங்கள். இப்போது அந்தத் தாயார் தம் கையாலேயே அந்தக் கிண்ணத்துப் பருப்பை மசித்துக் கொடுக்கிறார்கள். ஊட்டுவதற்கு இன்னும் வழியிருக்கிறதல்லவா?

நோயாளிகளை ஒருசந்திக் கடமை கட்டுவதில்லை. நன்மை வாங்குமுன் ஒரு மணி நேர உபவாசமும் அவர்களைக் கட்டாது என்று 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டமே கூறுகிறது. முழு அப்பம் விழுங்கக் கஷ்டமாயிருப்பவர்கள் என்னிடம் சொல்லுங்கள்; சிறு துணிக்கையாகத் தருவேன். பிரிக்கப்பட்ட ஒவ்வொரு துணிக்கையிலும் சேசுநாதர் முழுமையாய் இருக்கிறார் என்று திரெந்து பொதுச்சங்கம் 1551-ல் வரையறுத்தது. சிறு துணிக்கை வாங்குகிறவருக்குக் குறைவான ஆண்டவர் வருவதில்லை.

வருகிற திருவிழா அசனத்தில் பரிமாறும் வாலிபர்களுக்கு ஒன்று சொல்லியிருக்கிறேன்: போதும் என்று கை காட்டியவரை மறுமுறை கேட்க வேண்டாம். உங்கள் சுவாமியாரும் இனிக் கேட்கமாட்டார். மன்னாவை அளந்து கொடுத்த சர்வேசுரன், உங்களில் ஒவ்வொருவருக்கும் அன்றன்றைக்கு வேண்டிய அளவையும், அதிலே திருப்தியையும் அருள்வாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு